நடுவட்டத்துக் கைதி

வாசற் கொழுவியில் இரண்டு கழுத்துச் சால்வைகள் தொங்கின. சிவப்பு, மூத்தவன் வினோஜனுடைய கல்லூரி. நீலம், இளையவன் பிருந்தனுடையது. ஐப்பசி பிறந்துவிட்டால் தியாகராசா வேலையால் வந்து தன் கோட்டை நீலத்தின் மேல்தான் கொழுவுவார். சிவாஜினி குசினியிலிருந்து வந்து அதை எடுத்துச் சிவப்பின் மேல் கொழுவிவிட்டுப் போவாள். இதைப்பற்றி இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

இரண்டுமே இராணுவக் கல்லூரிகள். ஒன்று மேற்கே ஏரிக்கரையில், கருங்கல்லால் கட்டிய பழையது. மற்றது தெற்கே ஆற்றங்கரையில், மொன்றியலிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். ஒரே ஆமிக்கு அதிகாரிகளை உருவாக்கி அனுப்புகிற இரண்டும் வருசத்தில் ஒருநாள் மட்டும் ஜென்மப் பகையாளிகளாகிவிடும். அன்றைக்கு உதைபந்தாட்டம். பெற்றோர் தங்கள் தங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் பிள்ளை வைத்திருந்தது அந்த ஒரு குடும்பம்தான்.

தியாகராசா சிவப்பின் பக்கம். "ஏரிக்காரர்தான் உண்மையான ஆமிக்காரர். மற்றது பள்ளிக்கூடம்" என்பார். அவர் பதினெட்டு வயதில் ஓர் இயக்கத்துக்குப் போனவர். எண்பத்தாறாம் ஆண்டு இன்னோர் இயக்கம் அந்த இயக்கத்தை ஒரே கிழமைக்குள் துடைத்து அழித்தது. காட்டில் கிடந்தது, கடல்நீரேரியை இரவில் நீந்திக் கடந்தது, பதுங்கிக் கிடந்து ஜீப்பை மறித்தது எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார். அந்த ஒரு கிழமையை மட்டும் சொல்லவில்லை. கலியாணமான புதிதில் சிவாஜினி ஒருமுறை கேட்டாள். அவர் எழும்பிப் போய் முகத்தைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். பிறகு அவள் கேட்கவில்லை.

அவள் ஏன் நீலத்தின் பக்கம் என்று யாராவது கேட்டால், "அவர் சிவப்பு எண்டால் நான் நீலம்தானே, சின்னவனுக்கும் ஆராவது வேணுமெல்லோ" என்று சிரிப்பாள். அது முழுப் பொய்யுமல்ல. ஆனால் உள்ளே வேறொன்று இருந்தது. அவளுடைய அண்ணன் இரவிச்சந்திரனைக் கொழும்பில், வெள்ளவத்தையில், பட்டப்பகலில் முகமூடி போட்டவர்கள் வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தியாகராசா அப்போதே கனடா வந்துவிட்டார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற சிவாஜினி, "மாமா" என்று கத்த வாயெடுத்த ஐந்து வயது வினோஜனின் வாயைப் பொத்தினாள். அவன் கடித்தான். அவள் கையை எடுக்கவில்லை. வான் போன பிறகும் எடுக்கவில்லை. பெருவிரலின் அடியில் அந்தப் பற்கள் பதிந்த தடம் இன்றும் இருக்கிறது. அண்ணன் திரும்பி வரவேயில்லை.

வினோஜனுக்கு அது நினைவில்லை என்றுதான் அவள் நம்பினாள். ஆனால் அன்றிலிருந்து அவனுடைய முகத்தை நேரே பார்ப்பதற்கு அவளுக்கு ஒரு கூச்சம். எல்லாம் செய்தாள், குறை வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் அள்ளி மடியில் போட்டுக் கொஞ்சியது மட்டும் சின்னவனைத்தான். பெரியவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் அவன் பார்ப்பதைப் பார்க்காமல் விடுவாள்.

சனிக்கிழமை ஆட்டம். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிருந்தன் ஒருநாள் விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தான். தியாகராசா சென்-லோரோன் பக்கமிருந்த பண்டசாலை வேலையால் அப்போதுதான் வந்து கதிரையில் இருந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். வினோஜன் தொலைபேசியில் வந்தான். சிவப்பு அணியின் கோல்காப்பாளனும் தலைவனும் அவன்தான். பிருந்தன் எல்லாருக்கும் கேட்கும்படி அதை மேசையில் வைத்தான்.

"டேய் தம்பி, நாளைக்கு அழாமல் விளையாடு. அம்மா பாத்துக்கொண்டிருப்பா."

"நீ போய் உன்ர வலையைத் தைச்சு வை. பந்து கிழிச்சுக்கொண்டு போகும்."

"உன்ர காலுக்கோ? போன வருசம் நீ அடிச்ச பந்து இன்னும் ரொக்ஸ்பரோ ஸ்ரேசனில ரயிலுக்குக் காத்துக்கொண்டு நிக்குதாம்."

"அப்பிடிப் போடு!" என்று தியாகராசா தொடையில் தட்டினார்.

"அப்பா, நீங்கள் ஆமியோ றெஃபெறியோ?" என்றான் பிருந்தன்.

சிவாஜினி குசினியிலிருந்து குரல் கொடுத்தாள். "வினோ, சாப்பிட்டியோ?"

"ஹோட்டலில பாஸ்தா, அம்மா."

"அறக்குளா மீன் வாங்கி வைச்சிருக்கிறன். பொரிச்சு வைக்கிறன், ஆரும் இந்தப் பக்கம் வந்தால் குடுத்துவிடலாம்."

"பாப்பம். ஆரும் வருவினம்" என்று சொல்லி அவன் சிரித்தான்.

அவன் ஹோட்டலில் இல்லை. தெரு மூலையில், ஒரு டெப்பனர் கடைக்கு முன்னால், வாடகை வானுக்குள் இருந்தான். இரண்டு கல்லூரிக்கும் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் மற்ற அணியில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போய்த் தங்கள் சட்டையைப் போட்டு வைத்திருந்து, ஆட்டம் தொடங்கும்போது மைதானத்தின் நடுவட்டத்தில் வைத்து விடுவிப்பார்கள். பிடிக்கப் போகிறவர்கள் முகத்தை மூடியிருக்க வேண்டும், வாய் திறந்து ஒரு சொல் சொல்லக்கூடாது. கொடி திருடுவதைப் பற்றியெல்லாம் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஆளைத் திருடுவதைச் சொல்லியிருக்கவில்லை. கூடவந்த றெனோல்ட் என்ற பெடியன், "உன் பெற்றோர் பயப்பட மாட்டார்களா?" என்று கேட்டதற்கு வினோஜன், "என் அப்பா கெரில்லா. நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்" என்றிருக்கிறான். அவன் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. அப்பா முதலில் பாய்ந்து யாரையாவது மடக்குவார், பிறகு முகமூடியைக் கழற்றியதும் எல்லாரும் சிரிப்பார்கள், தன்னுடைய அப்பாவைத் தன்னுடைய அணி பார்க்கும். அவ்வளவுதான் அவன் ஆசைப்பட்டது. வாடகைக்குக் கிடைத்த வான் வெள்ளை நிறம்.

மொன்றியலின் அஹுன்ட்சிக் பக்கத்து வீடுகளைப் போல அவர்களுடையதும் மேல்மாடி. தெருவிலிருந்து இரும்புப் படி வளைந்து ஏறும். ஏறுகிறவரின் பாரத்தையும் அவசரத்தையும் குசினியில் நின்றே சொல்லிவிடலாம். வாசற்கதவு ஈரத்துக்கு ஊதிப்போனது. திறப்பைத் திருப்பிய பிறகு பிடியை மேலே தூக்கித் தள்ள வேண்டும். வெளியாட்கள் அதைத் தோளால் இடிப்பார்கள். தூக்கத் தெரிந்தவர்கள் நான்கே பேர்.

சிவாஜினி பாதி இளகிய மீனை வெட்டுப் பலகையில் வைத்து, பாரக் கத்தியால் கொத்திக்கொண்டிருந்தாள். யன்னலால் பார்த்தபோது கீழே வெள்ளை வான் நின்றது. பக்கக் கதவு திறந்தபடி இருந்தது.

படியில் சப்பாத்துகள். மூன்று பேர். ஓடி ஏறினார்கள்.

கதவு தூக்கித் திறக்கப்பட்டது.

கறுப்புக் கம்பளி முகமூடிகள். கண்ணுக்கு மட்டும் துவாரம். ஒருவரும் பேசவில்லை. ஒருவன் தலையணை உறையைப் பிருந்தனின் தலையில் கவிழ்த்தான். இன்னொருவன் கால்களைப் பிடித்தான். மூன்றாமவன் பின்கழுத்துச் சட்டையைக் கொத்தாகப் பற்றி வாசலை நோக்கி இழுத்தான். மேசை சரிந்தது. தேத்தண்ணிக் கோப்பை உடைந்தது. உறைக்குள்ளிருந்து பிருந்தன் எழுப்பிய சத்தம் சிரிப்பு என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் அது மூச்சுத் திணறுகிற சத்தம்.

அவள் தியாகராசாவைப் பார்த்தாள். இத்தனை வருசமாகக் காட்டுக் கதை சொன்ன மனிதர். அவர் கதிரையிலிருந்து வழுக்கி இறங்கி முழங்காலில் நின்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். மோதிரத்தைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் கோத்துப் பிடரியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். ஒவ்வொன்றையும் ஒழுங்காக, யாரோ முன்பே பழக்கிவிட்டதுபோலச் செய்தார். அவருடைய முதுகு யாரோ ஒருவரின் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது.

சிவாஜினிக்குக் கோபம் வந்தது. பயமல்ல. கோபம், அதுவும் இவர்கள்மேல் மட்டுமல்ல, திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண்மேல். அவள் குசினி வாசலைத் தாண்டினாள். கத்தி கையிலேயே இருந்தது. பிருந்தனின் கழுத்துச் சட்டையைப் பிடித்திருந்த வலக்கை அவளுக்கு முன்னால் வந்தது. சின்னவிரல் உள்நோக்கி வளைந்திருந்தது. இரவியண்ணையின் விரல். அண்ணையிடமிருந்து அவள் வீட்டில் ஒருவனுக்குத்தான் அது வந்திருந்தது.

அவள் விரலைப் பார்த்தாள். கத்தி இறங்கியது.

எலும்பில் பட்ட அதிர்வு அவளுடைய முழங்கைவரை ஏறியது. உறைந்த மீனைக் கொத்தும்போது வருகிற அதே அதிர்வு. புறங்கை பிளந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது, பிறகு அதை இரத்தம் மூடியது. அவன் சத்தமே போடவில்லை. வழக்கத்தை மீறக்கூடாது என்பதுபோல அப்போதும் வாயை மூடிக்கொண்டு நின்றான். அவள் கத்தியை மறுபடியும் ஓங்கினாள்.

"அம்மா!" என்று பிருந்தன் கத்தினான். உறையைப் பிய்த்து எறிந்திருந்தான். "அம்மா, அண்ணா! அது அண்ணா!"

கால்களைப் பிடித்திருந்தவன் முகமூடியைக் கழற்றாமலே படிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். உறை போட்டவன்தான் றெனோல்ட். முகமூடியை இழுத்து எறிந்துவிட்டுக் கொழுவியில் கைக்கு அகப்பட்ட சால்வையைப் பறித்து வினோஜனின் கையை இறுகச் சுற்றினான். அது நீலச் சால்வை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கறுத்தது.

வினோஜன் இடக்கையால் தன்னுடைய முகமூடியை உருவினான். முகம் சுண்ணாம்பாகியிருந்தது. அவன் தாயைப் பார்க்கவில்லை. தன்னுடைய கையையும் பார்க்கவில்லை.

"அப்பா" என்றான். "எழும்புங்கோ அப்பா. நான்தான். எழும்புங்கோ."

தியாகராசா எழும்பவில்லை. பிருந்தன் அண்ணனைத் தாங்கிக்கொண்டு, வேறெதையும் பார்க்காமல் படியிறங்கினான். பின்னால் போன றெனோல்ட் மட்டும் வாசலில் ஒருமுறை நின்று, முழங்காலில் நின்ற மனிதரைத் திரும்பிப் பார்த்தான்.

ஆசுபத்திரியில் வினோஜன் பிரெஞ்சில் சொன்னான், அம்மாவுக்கு மீன் வெட்டிக் கொடுத்தபோது கத்தி வழுக்கிவிட்டது என்று. டாக்டர் பெண் அவனைப் பார்த்தாள், கதவோரம் இரத்தம் காய்ந்த உடுப்போடு நின்ற சிவாஜினியைப் பார்த்தாள். எந்தக் கையால் வெட்டினாய் என்று கேட்டாள். இடக்கையால் என்றான். நீ இடக்கைக்காரனா? ஓமாம். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இரண்டு விரல்களின் நரம்பு அறுந்திருந்தது. தைத்து, மட்டை வைத்துக் கட்டினாள். ஆறு கிழமைக்கு அசைக்கவே கூடாது, தையல் அறுந்தால் அந்த விரல்கள் இனி வேலை செய்வது சந்தேகம் என்றாள். பந்து பிடிக்கவும் முடியாது, துவக்குப் பிடிக்கவும் முடியாது. அதை அவள் சொல்லவில்லை. யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பிருந்தன் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் வினோஜன் கேட்டான். "அம்மா, தெரிஞ்சதோ?"

"என்ன?"

"நான் எண்டு."

"முகத்தையெல்லோ மூடியிருந்தனி."

"முகத்தை நான் கேக்கேல்லை."

அவள் போர்வையை இழுத்து அவனுடைய காலை மூடினாள். "தெரியேல்லை அப்பன்" என்றாள். "அம்மாவுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் அவளுக்குப் பழக்கமானது. வாசலில் சப்பாத்தைக் கழற்றிய பிள்ளையின் தலையாட்டல்.

வெளியே வந்தபோது வெள்ளை வான் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. றெனோல்ட் ஓட்டுநர் இருக்கையில். வினோஜன் ஏறி, உள்ளேயிருந்து தம்பியைப் பார்த்தான். "ஏறு. நீ இன்னும் என்ர கைதிதான்."

"விசரே உனக்கு? கையைப் பார்."

"கை என்ர. கைதியும் என்ர. ஏறடா."

பிருந்தன் தாயைத் திரும்பிப் பார்த்தான். "போகட்டோ அம்மா?"

வேண்டாம் என்ற சொல் வாயில் வந்து நின்றது. யாருக்கு வேண்டாம் என்று அவளுக்கே தெரியவில்லை. "குளிருக்குக் கோட்டைப் பூட்டு" என்றாள். கதவு இழுபட்டு மூடியது. எதைத் தடுக்கக் கத்தி எடுத்தாளோ அது அவளுடைய கண்ணுக்கு முன்னால், அவளிடமே கேட்டுவிட்டு நடந்தது. இரண்டு பிள்ளைகளையும் வெள்ளை வான் கொண்டுபோனது.

வீட்டில் தியாகராசா தரையைக் கழுவித் துடைத்திருந்தார். மீனை எறிந்திருந்தார். மேசை நிமிர்ந்திருந்தது. கைக்கடிகாரமும் மோதிரமும் மட்டும் வைத்த இடத்திலேயே கிடந்தன. அவற்றைச் சுற்றித் துடைத்திருந்தார். துணி படாத அந்தச் சிறு வட்டத்துக்குள் ஒரு சொட்டு இரத்தம் காய்ந்திருந்தது. சிவாஜினி குனிந்து எடுக்கப் போனாள். அவர் படுக்கையறை வாசலில் நின்று பார்ப்பதை உணர்ந்து நிமிர்ந்தாள். எடுக்கவில்லை.

அவளுக்கு நித்திரை வரவில்லை. விரலைக் கண்டதற்கும் கத்தி இறங்கியதற்கும் இடையில் நேரம் இருந்ததா? ஒரு மூச்சு? அரை மூச்சு? கதவு தூக்கித் திறபட்டபோதே தெரிந்துவிடவில்லையா? வெளியான் யார் கதவைத் தூக்குவான்? தெரிந்த பிறகும் கை ஏன் இறங்கியது? சின்னவனை இழுக்கிறவன் யாராக இருந்தாலும் என்றா? இல்லை, அந்த ஐந்து வயது வாய் என்றைக்கோ ஒருநாள் தன்னிடம் வந்து ஏன் பொத்தினாய் என்று கேட்கும் என்ற பயத்தை வெட்டினாளா? எந்தப் பதிலை எடுத்தாலும் அது பாதி சரியாகவே இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் கார்க் கண்ணாடியில் ஒரு மாதமாகப் பறந்த சிவப்புக் கொடியைத் தியாகராசா கழற்றிப் பின்னிருக்கையில் போட்டார். மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மைதானம். தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தார்.

"வாங்கோவன் அப்பா" என்றாள் சிவாஜினி, பிள்ளைகள் கூப்பிடுவதுபோலவே.

"நான் இதுக்குள்ள இருக்கிறன். நீர் போம்."

அவள் சால்வை எதுவும் போடவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, கம்பி வேலியோரம் நின்றாள். ஏரிக்காற்று கன்னத்தைக் கீறியது. முரசு அடித்தார்கள். வினோஜன் மட்டை கட்டிய கையை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு, சிவப்புச் சட்டை போட்ட தம்பியை நடுவட்டத்துக்கு நடத்தி வந்தான். சனம் ஊளையிட்டுச் சிரித்தது. கைதி அந்தச் சட்டையைக் கழற்றிப் பிடித்தவனின் கையில் கொடுத்துக் கட்டிப்பிடிக்க வேண்டும், அதுதான் முறை. பிருந்தன் சட்டையைக் கழற்றினான். அண்ணனிடம் கொடுக்கவில்லை. வினோஜனுக்குப் பதிலாகக் கோல் காக்க வந்திருந்த றெனோல்டின் காலடியில் அதை எறிந்தான். அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் நீலச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு நடந்தான்.

அந்த வானுக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதே விளங்கியது.

ஆட்டம் தொடக்கத்திலிருந்தே கெட்டது. முழங்கைகள். பந்தில்லாத கால்களில் விழுந்த உதைகள். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. பிருந்தனை இரண்டு தரம் விழுத்தினார்கள். இரண்டாம் தரம் அவன் எழும்பியபோது சிவப்புக்காரன் ஒருவன் கைகளைக் கோத்துத் தன் பிடரியில் வைத்து, தலையைக் குனிந்து காட்டினான். சிவப்புப் பக்கத்தில் சிலர் சிரித்தார்கள்.

சிவாஜினி வேலிக் கம்பியைப் பிடித்தாள்.

இரண்டாம் பாதியில் ஒரு நீண்ட பந்து வந்தது. பிருந்தன் தனியே ஓடினான். றெனோல்ட் முன்னால் ஓடிவந்து விழுந்து பந்தை இரண்டு கைகளாலும் அணைத்துவிட்டான். பந்து பிடிபட்டுவிட்டது. பிருந்தனுக்கு நிற்க இடமிருந்தது, தாண்டிப் பாய நேரமிருந்தது. அவன் வலது கால் பின்னால் போய், மேலே அரை மூச்சுக்கு நின்றது. அந்த அரை மூச்சை அந்த மைதானத்தில் கண்டவள் அவள் ஒருத்திதான். பிறகு கால் இறங்கி றெனோல்டின் முகத்தில் பட்டது.

சத்தம் வேலிவரை கேட்டது. காய்ந்த தடி முறிகிற சத்தம். றெனோல்ட் ஒருதரம் உருண்டான், பிறகு அசையவில்லை. புல்லில் இரத்தத்தோடு பல் கிடந்தது.

"நான் காணேல்லை!" என்று பிருந்தன் கைகளை விரித்தான். நடுவர் சிவப்பு அட்டையைத் தூக்க முன்னமே சிவப்புச் சட்டைகள் அவன்மேல் பாய்ந்தன. ஒருவன் வயிற்றில் குத்தினான். அவன் மடிந்ததும் இன்னொருவன் விலாவில் உதைத்தான். நீலச் சட்டைகள் ஓடி வந்தன. பத்து, இருபது, யார் யாரை அடிக்கிறார் என்று தெரியவில்லை.

அவள் வேலி வாசலால் உள்ளே ஓடினாள். சிவப்பு அணி உட்காரும் வாங்கில் வினோஜன் மட்டும் இருந்தான். மற்றவர்கள் எல்லாரும் சண்டைக்குள் போயிருந்தார்கள்.

"எழும்பு! தம்பியைக் கொல்லுறாங்கள், எழும்படா!"

அவன் எழும்பவில்லை. கண் மைதானத்திலேயே இருந்தது. "அவன் வேணுமெண்டு அடிச்சவன் அம்மா."

"தெரியும்."

"ராத்திரி வானுக்குள்ள றெனோல்ட் அப்பாவை மாதிரிச் செய்து காட்டினவன். மணிக்கூட்டைக் கழட்டுறது, மோதிரத்தைக் கழட்டுறது. பெடியள் எல்லாம் சிரிச்சவங்கள். தம்பி அப்பதான் அறிஞ்சவன்." மட்டை கட்டிய கையை மடியில் இறக்கினான். "நானும் சிரிச்சனான். என்ர ஆக்களெல்லே அம்மா. சிரிக்காட்டில் என்ன நினைப்பாங்கள்? தம்பி என்னைப் பாத்தவன். நான் சிரிச்சுக்கொண்டிருந்தனான்."

மைதானத்தில் பிருந்தனின் தலை ஒருமுறை தெரிந்து மறைந்தது.

சிவாஜினி அவனுக்கு முன்னால் குந்தினாள். முகத்தை நேரே பார்த்தாள். பதினேழு வருசமாகத் தவிர்த்த முகம். அது இரவியண்ணையின் முகமாக இருக்கவில்லை. அழுது வீங்கிய, மீசை சரியாக முளைக்காத, அவளுடைய மகனின் முகமாகத்தான் இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சது" என்றாள். "உன்ர சின்னவிரலைக் கண்டனான். கண்டு, பிறகுதான் வெட்டினனான். நான் பொய் சொன்னனான்."

அவன் அவளைப் பார்த்தான். நெடுநேரமாக எதையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் அதைக் கீழே வைத்ததுபோல அவனுடைய தோள் இறங்கியது.

"எனக்கும் தெரியும்" என்றான். "உங்கட கண்ணைப் பாத்தனான்."

அவன் எழும்பி நடந்தான். பிறகு ஓடினான்.

சிவப்புச் சட்டைகளுக்குள் அவனுடைய சிவப்புச் சட்டை கரைந்துபோனது. வெள்ளைக் கட்டுப் போட்ட கை மட்டும் தலைகளுக்கு மேலே தெரிந்தது. அது ஏறியது, இறங்கியது. யார்மேல் இறங்குகிறது என்று அவளால் காண முடியவில்லை. அவனுடைய சொந்த அணிக்காரன் ஒருவன் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே தள்ளாடி வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். கட்டு வெள்ளையாக இருந்தது, பிறகு ஓரத்தில் பூத்தது, பிறகு முழுதும் சிவப்பாகியது.

கூட்டம் பிளந்தது. வினோஜன் பின்பக்கமாக நடந்து வந்தான். தம்பியைப் பின்கழுத்துச் சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். நேற்றுப் பிடித்த அதே இடத்தில், அதே கையால். மட்டை உடைந்து தொங்கியது. அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன விரல்களைத் துணியோடு சேர்த்துக் கொழுவிப் போட்டிருந்தான். அவனுடைய அணி அவனைப் பார்த்து வசையாகக் கத்தியது. ஒருவன் துப்பினான்.

சிவாஜினி ஓடிப்போய்ப் பிருந்தனின் மற்றத் தோளைத் தாங்கினாள். மூவரும் தரிப்பிடத்துக்கு வந்தபோது தியாகராசா காரைத் திருப்பி, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சண்டையைக் கண்டிருக்கிறார். எவ்வளவு தூரம் ஓடி வந்து திரும்பினாரோ, மூச்சு வாங்கியது.

"ஏறுங்கோ" என்றார்.

பின்னிருக்கையில் தாய் நடுவில் இருந்தாள். வலப்பக்கம் பிருந்தன், ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. இடப்பக்கம் வினோஜன், கழற்றிப் போட்டிருந்த சிவப்புக் கொடியால் கையைச் சுற்றியிருந்தான். அந்தக் கையை அவள் தன்னுடைய மடியில் எடுத்து வைத்தாள். அவன் இழுக்கவில்லை. விரல்களைத் தொட்டாள். இரண்டு விரல்கள் அசையவில்லை.

கார் ரொக்ஸ்பரோவைத் தாண்டியது.

"எத்தினைக்கு எத்தினை?" என்று தியாகராசா கண்ணாடியைப் பார்க்காமல் கேட்டார்.

"தெரியாது அப்பா" என்றான் பிருந்தன். வாயைத் திறந்ததும் உதடு பிளந்து இரத்தம் வந்தது. "அவங்கள் உங்களை..." என்று தொடங்கினான்.

"டேய்" என்றான் வினோஜன். மெதுவாகத்தான் சொன்னான்.

பிருந்தன் நிறுத்தினான். அண்ணனைத் தாயின் மடிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சிவாஜினி முன்னிருக்கையைப் பார்த்தாள். ஸ்ரியறிங்கை இறுகப் பிடித்திருந்த தியாகராசாவின் மணிக்கட்டில் வெளிறிய ஒரு வளையம் தெரிந்தது. முப்பது வருசம் வெயில் படாத தோல். கடிகாரம் இன்னும் குசினிக்கு வெளியே தரையில்தான் கிடந்தது. வீட்டுக்குப் போனதும் கதவைத் தூக்கித் திறந்தவுடன் நான்கு பேரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.